விரல்முட்டியில் ஒரு சின்னக் காயம்

கை பூப்போல மெத்தென்று படும் என்பதால், அவரைப் பூக்கைக்காரர் என்றால்தான் அந்தத் தெருவில் தெரியும். பேருந்து நிறுத்தத்துக்கு எதிரே, மருந்துக்கடைக்கும் சலவைக்கடைக்கும் நடுவில், இரண்டு நாற்காலி போட்ட சலூன் அவருடையது. கத்திரியைக் கண்டதும் வீறிட்டு அழும் குழந்தைகூட அவர் கை தலையில் பட்டதும் அடங்கிவிடும். சவரத்துக்கு வந்து உட்கார்ந்தவர்கள் பாதியிலேயே குறட்டை விடுவார்கள். அடுத்த நாற்காலியில் வேலை பார்க்கும் கூட்டாளி, "அண்ணே, நீங்க தூங்க வைக்கிறீங்க, நான் எழுப்பி அனுப்புறேன். நம்ம கடை இப்படித்தான் ஓடுது" என்று கிண்டல் செய்வார்.

குரலை உயர்த்திப் பேசி யாரும் கேட்டதில்லை. மகன் சின்னப் பையனாக இருந்தபோது கடையின் புது மெஷினைத் தண்ணீரில் போட்டுக் கழுவி வைத்தான், அன்றைக்குக்கூட, "கழுவினதுதான் கழுவின, சோப்பு போட்டியா?" என்று கேட்டவர்.

அப்படிப்பட்டவர் அந்த மகனை, வளர்ந்து வேலைக்குப் போகும் மகனை, முகத்தில் ஓங்கிக் குத்தினார்.

காரணத்தை வெளியில் சொல்லவே அவருக்கு நாக்குக் கூசும். பெரிய சண்டை ஒன்றும் இல்லை. மகன் கைப்பேசி பழுது பார்க்கும் கடையில் வேலை செய்கிறான். ஒருநாள் மதியம் வீட்டுச் சாவி வாங்க சலூனுக்கு வந்தான். நாற்காலியில் இருந்த ஓர் இளைஞன் போனில் ஏதோ படத்தைக் காட்டி, "இந்த மாதிரி வெட்டணும்" என்று பூக்கைக்காரரிடம் விளக்கிக்கொண்டிருந்தான். மகன் சும்மா இருக்காமல், "அண்ணா, எங்கப்பாகிட்ட எந்தப் படத்தைக் காட்டினாலும் ஒண்ணுதான். யார் உள்ள வந்தாலும் வெளிய போறப்ப எல்லாரும் ஸ்கூல் பசங்கதான்" என்றான்.

கடையே சிரித்தது. கூட்டாளி சிரித்தார். பூக்கைக்காரரும் சிரித்தார். ஆனால் அந்த இளைஞன் நைசாக எழுந்து, "நான் அந்தச் சேர்லயே வெயிட் பண்றேன்" என்று கூட்டாளியின் நாற்காலிப் பக்கம் போய் நின்றுகொண்டான். அதுதான் சுருக்கென்று தைத்தது. சாயங்காலம் வரை எத்தனையோ தலைகளை வெட்டினார். ஒவ்வொரு தலையும் பள்ளிக்கூடத் தலையாகவே தெரிந்தது.

வீட்டில் சாப்பிட உட்கார்ந்தபோது மகன் அதே கதையை அம்மாவுக்குச் சொல்ல ஆரம்பித்தான். "போதும்டா" என்றார். மகன் நிறுத்தவில்லை. "ஏம்மா, அப்பாவுக்குக் கோபம்கூட வருமா?" என்று சிரித்துக்கொண்டே அவர் பக்கம் திரும்பினான்.

எழுந்தது அவருக்கு நினைவில்லை. விரல்முட்டியில் ஏதோ கூர்மையாக இடித்தது மட்டும் நினைவிருக்கிறது.

மேல் உதடு கிழிந்து, முன்பல் ஒன்று நுனி உடைந்து, மகன் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அவன் கண்ணில் கோபம் இல்லை. தெரியாத ஆள் யாரோ வீட்டுக்குள் புகுந்துவிட்டதைப் போல அப்பாவைப் பார்த்தான். மனைவி துண்டை நனைத்து அவன் வாயில் வைத்து அழுத்திக்கொண்டே, "எழுந்திருடா, ஆஸ்பத்திரிக்குப் போலாம்" என்று கூட்டிக்கொண்டு போனார். போகும்போது கணவர் பக்கம் திரும்பவே இல்லை.

தனியாக நின்றவர் அப்புறம்தான் தன் வலக்கையைப் பார்த்தார். நடுவிரல் தொடங்கும் முட்டியின் மேல் ஒரு சின்னக் காயம். சுண்டுவிரல் நகத்தளவுகூட இருக்காது. குழாயில் காட்டிவிட்டுத் துணியைச் சுற்றிக்கொண்டார். அது வலிக்கிறது என்று சொல்லக்கூட வெட்கமாக இருந்தது.

மறுநாள் காலை கை வீங்கியிருந்தது. தெருமுனை கிளினிக்குக்குப் போனார். அங்கே இருந்த டாக்டர் அவருடைய வாடிக்கையாளர். மாதம் தவறாமல் வந்து முடி வெட்டிக்கொள்பவர். பிறந்ததிலிருந்து தன் இரண்டு பிள்ளைகளையும் இந்தக் கைக்கே கொண்டுவந்தவர்.

"என்னங்க ஆச்சு?"

"கடையில கண்ணாடித் தட்டு உடைஞ்சு பட்டுருச்சு டாக்டர்." வாய் கூசாமல் வந்தது.

டாக்டர் காயத்தைச் சுத்தம் செய்து, தையல் போட்டு, ஊசி போட்டு அனுப்பினார். மகன் தன் பங்குக்கு, வண்டி சறுக்கி விழுந்துவிட்டதாகக் கடையில் சொல்லிவிட்டு முகக்கவசம் மாட்டிக்கொண்டு வேலைக்குப் போனான். இரண்டு கதையும் தெருவில் சுற்றி ஒன்றாகச் சேர்ந்தன. "ஒரே நாள்ல அப்பாவுக்கும் அடி, மகனுக்கும் அடியா? யார் கண்ணு பட்டுச்சோ அண்ணே" என்று கூட்டாளி உருகினார். பூக்கைக்காரர் துண்டை உதறுவதுபோல் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார். கண்ணாடித் தட்டு இருந்த இடத்தைக் கூட்டாளி பார்த்துவிடுவாரோ என்ற பயத்தில், சுவரில் முழுசாக இருந்த தட்டைக் கழற்றிப் பழைய சாமான்களோடு மறைத்து வைத்தார். ஒரு பொய்யைக் காப்பாற்ற நல்ல கண்ணாடியைக் கழற்றியது அந்த வயதில் அவர் செய்த காரியம்.

வீக்கம் இறங்கவில்லை. தையலுக்கு மேலே தோல் பளபளவென்று இறுகியது. குளிர்காய்ச்சல் வந்தது. விரலை யாராவது லேசாக நீட்டினாலே உயிர் போனது. அப்போதும், "ஒண்ணுமில்ல, சரியாயிடும்" என்று இடக்கையால் சவரம் செய்யப் பார்த்து ஒருவரின் காதைக் கீறிவிட்டார். மனைவிதான் கிட்டத்தட்ட இழுத்துக்கொண்டு போய்ப் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தார்.

அங்கே கைக்கென்றே அறுவை சிகிச்சை செய்யும் டாக்டரம்மா இருந்தார். கையைத் திருப்பிப் பார்த்தவர் உடனே கேட்டார்.

"இது எப்படிப் பட்டுச்சு?"

"கண்ணாடி."

"முட்டிக்கு நேர் மேல இருக்கே. யாராவது பல்லு பட்டுச்சா? சொல்லுங்க, நான் போலீஸ் இல்ல."

மனைவி பக்கத்தில் நின்றிருந்தார். பூக்கைக்காரர் அவரைப் பார்க்கவில்லை. "இல்லம்மா, கண்ணாடிதான்" என்றார். மனைவி புடவைத் தலைப்பை இறுகப் பிடித்தபடி சுவரைப் பார்த்தார். சொல்ல வேண்டிய ஆள் தான் அல்ல என்று அவர் நினைத்திருக்கலாம்.

தையலைப் பிரித்து உள்ளே கழுவினார்கள். காய்ச்சல் அப்படியும் விடவில்லை. விஷயம் கேள்விப்பட்டு கிளினிக் டாக்டர் வார்டுக்கே வந்துவிட்டார். கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து, இரண்டு கையையும் பிசைந்துகொண்டு, "கண்ணாடித் துணுக்கு எதையாவது உள்ளயே விட்டுத் தைச்சுட்டேனோன்னு எனக்குத் தூக்கமே இல்லைங்க. உங்க கையை வச்சுத்தான உங்க பொழப்பு. என்னை மன்னிச்சுருங்க" என்றார்.

பூக்கைக்காரர், "உங்க மேல என்ன தப்பு டாக்டர்" என்றார். அது உண்மைதான். ஆனால் அந்த உண்மையைச் சொல்லி, அதற்குப் பின்னால் இருந்த பெரிய உண்மையை விழுங்கிவிட்டார். டாக்டரின் கண் கலங்கியதைப் பார்த்தும் விழுங்கினார்.

எதிரே ஸ்டூலில் உட்கார்ந்திருந்த மகன் எழுந்தான். முகக்கவசத்தைக் கீழே இறக்கினான். உதட்டில் தையல், உடைந்த பல்.

"கண்ணாடி எல்லாம் ஒண்ணும் இல்ல டாக்டர். என் பல்லுதான்."

கிளினிக் டாக்டர் மகனின் வாயைப் பார்த்தார். கட்டுப்போட்ட கையைப் பார்த்தார். மெதுவாக எழுந்து, "பெரிய டாக்டர்கிட்ட உடனே சொல்லிடுப்பா" என்று மகனிடம் மட்டும் சொல்லிவிட்டு வெளியே போனார். பூக்கைக்காரர் கண்ணை மூடிக்கொண்டார். அந்தக் கட்டில் அப்படியே தரைக்குள் இறங்கிப் போய்விட்டால் தேவலை என்றிருந்தது.

டாக்டரம்மா திட்டவில்லை. "மனுஷன் வாயில இருக்கற கிருமி தனி ரகம். கையை முறுக்கிக் குத்தறப்ப மூட்டுக்கு மேல தோல் இறுகியிருக்கும், பல்லு நேரா மூட்டுக்குள்ள போயிடும். கையைப் பிரிச்சதும் தோல் நகர்ந்து ஓட்டையை மூடிக்கும். வெளிய பார்த்தா சின்னக் காயம்தான். முதல் நாளே தெரிஞ்சிருந்தா தையலே போட்டிருக்க மாட்டாங்க, திறந்து விட்டுக் கழுவியிருப்பாங்க" என்றார். மருந்தை மாற்றினார். திரும்பவும் திறந்து கழுவினார்கள். காய்ச்சல் இறங்கியது, விரல் பிழைத்தது. மூட்டு பிழைக்கவில்லை. எலும்பின் முனையில் வழவழவென்று இருக்கும் குருத்தெலும்பைச் சீழ் தின்றுவிட்டிருந்தது.

மாதங்கள் போயின. நடுவிரல் முட்டியில் மடங்காமல் குச்சிபோல் நீட்டிக்கொண்டு நின்றது. விரல்களை மடக்கும் தசைநாண்கள் உள்ளே ஒன்றோடொன்று சேர்ந்தவை என்பதால் பக்கத்து விரல்களும் சரியாக முடங்கவில்லை. கத்திரியின் வளையத்துக்குள் மோதிர விரலை விட்டால் கத்திரி ஆடியது. கூட்டாளி அவர் சங்கடத்தைக் குறைப்பதற்காக, "அண்ணே, யாருக்கும் வழி காட்டறேன்னு அந்தக் கையை நீட்டிடாதீங்க. ஊர்ச் சண்டை ஆயிடும்" என்றார். பூக்கைக்காரர் சிரிக்கப் பார்த்தார். துண்டு மடிப்பது, தரை கூட்டுவது, கண்ணாடி துடைப்பது என்று தன் கடையிலேயே எடுபிடியாக இருந்தார். கையைப் பார்க்கிறவர்களுக்குத் தெரியாதபடி எப்போதும் துண்டுக்கடியில் வைத்துக்கொண்டார்.

கிருமி முழுசாக ஒழிந்துவிட்டது என்று உறுதியான பிறகு டாக்டரம்மா கூப்பிட்டு அனுப்பினார். மனைவியும் கூடப் போனார். எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் மாட்டி நிதானமாக விளக்கினார்.

"வெறும் தழும்பு இறுகினதால மடங்கலைன்னா, அந்த இறுக்கத்தை வெட்டி விட்டாலே போதும். உங்களுக்கு அது பத்தாது. உள்ள மூட்டே தேஞ்சுபோச்சு. அதனால ரெண்டு வழி. ஒண்ணு, ரெண்டு எலும்பையும் சேர்த்து, கொஞ்சம் வளைஞ்ச நிலையில ஒட்ட வச்சிடலாம். உறுதியா இருக்கும், வலிக்காது, ஆனா ஆயுசுக்கும் அசையாது. இன்னொண்ணு, கெட்டுப்போன மூட்டை எடுத்துட்டு சிலிகான்ல செஞ்ச மூட்டை உள்ள வைக்கிறது. அது மடங்கும். பழைய மாதிரி முழுசா மடங்கும்னு நான் சொல்ல மாட்டேன். வருஷம் ஆக ஆகத் தேயலாம், உடையலாம். பழைய கிருமி இருந்த இடம், அதனால திரும்பச் சீழ் பிடிக்கவும் கொஞ்சம் வாய்ப்பு இருக்கு. கனமான வேலைக்கு ஆகாது. முடி வெட்டறதுக்கு எனக்கு இதுதான் சரின்னு படுது. கால் விரல்ல இருந்து மூட்டு எடுத்து வைக்கிறதும் உண்டு, அது பெரும்பாலும் சின்னப் பிள்ளைங்களுக்குத்தான். நீங்க என்ன நினைக்கிறீங்க?"

பூக்கைக்காரர் குனிந்தபடியே சொன்னார். "இப்படியே இருந்துட்டுப் போகட்டும்மா."

"ஏன்?"

"மடங்கினா மறுபடியும் முட்டிதான பிடிக்கும். வேண்டாம்."

டாக்டரம்மா பேனாவை மூடி வைத்தார். "யோசிச்சுட்டு வாங்க" என்று மட்டும் சொன்னார்.

வெளியே வராந்தாவில் மனைவி அதுவரை அடக்கி வைத்திருந்ததெல்லாம் வெடித்தது. சுற்றிலும் ஆட்கள் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். அவர் அதைப் பற்றிக் கவலைப்படவில்லை.

"என்னங்க பேச்சு இது? கையை முடக்கி வச்சுக்கிட்டா செஞ்சது சரியாப் போயிடுமா? அது யாருக்கு இதமா இருக்கு தெரியுமா? உங்களுக்குத்தான். துண்டுக்குள்ள கையை மறைச்சுக்கிட்டு, பாவம் பாவம்னு எல்லாரும் பார்க்க நடமாடுறீங்க. இத்தனை மாசத்துல அவன்கிட்ட ஒரு வார்த்தை பேசியிருக்கீங்களா? விரல் மடங்கலைன்னா சரி, நாக்குமா மடங்கல?"

பெஞ்சில் இருந்த ஒரு பெரியவர் மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு இவரைப் பார்த்தார். பூக்கைக்காரருக்கு உடம்பெல்லாம் கூசியது. மறுக்க ஒன்றும் இல்லை. தண்டனை என்று அவர் நினைத்து ஏந்திக்கொண்டிருந்தது ஒரு மறைப்பு என்பது, அத்தனை பேர் முன்னால் சொல்லப்பட்ட பிறகுதான் அவருக்கு உறைத்தது.

அங்கிருந்து நேராக மகன் வேலை செய்யும் கடைக்குப் போனார். கவுண்டருக்குப் பின்னால் மகன் ஒரு போனைப் பிரித்து வைத்துக்கொண்டு, கண்ணில் பூதக்கண்ணாடி மாட்டி, நூலளவு திருகாணியை எடுத்துக்கொண்டிருந்தான். பூக்கைக்காரர் வாடிக்கையாளர் வரிசையில் நின்றார். முறை வந்தது.

"என்னப்பா? போன் என்னாச்சு?"

"போன் நல்லாத்தான் இருக்கு. நான் உன்னை அடிச்சது தப்புடா. நீ சொன்னது தமாஷ்தான். எனக்குத்தான் பொறுக்கல."

பின்னால் நின்ற ஒருவர் தொண்டையைக் கனைத்தார். மகன் தலை நிமிராமல் திருகாணியைக் காந்தத் தட்டில் வைத்தான்.

"ஆஸ்பத்திரில நான் சொல்லலைன்னா கடைசி வரைக்கும் கண்ணாடின்னேதான் சொல்லியிருப்பீங்களா?"

பொய் சொல்ல அப்போதும் ஓர் இடம் இருந்தது. "ஆமா" என்றார்.

"கையே போயிருந்தாலுமா?"

"போயிருந்தாலும்."

மகன் பூதக்கண்ணாடியைக் கழற்றி அவரை ஒரு நிமிடம் பார்த்தான். "நல்ல ஆளுப்பா நீங்க" என்றான். திட்டினானா சிரித்தானா என்று அவருக்குப் புரியவில்லை. "தள்ளி நில்லுங்க, பின்னாடி ஆள் நிக்கிறாங்க. ஆபரேஷனுக்கு என்னைக்குன்னு சொல்லுங்க, நான் லீவு போடறேன்."

சிலிகான் மூட்டு வைத்தார்கள். கட்டுப் பிரித்ததும், முன்கையிலிருந்து விரல் வரை ஒரு பட்டையை மாட்டி, விரலை மேலே இழுத்துப் பிடிக்கும்படி ரப்பர் வளையங்களைப் பூட்டினார்கள். அந்த இழுப்பை மீறி விரலை மடக்கவேண்டும், பிறகு விடவேண்டும். அதுதான் பயிற்சி. சொல்லிக் கொடுத்த பெண் கலகலப்பானவர். "கையை மூடுங்க ஐயா. இன்னும், இன்னும். நல்லாக் குத்தறா மாதிரி முறுக்குங்க!" என்று உற்சாகப்படுத்தினார். அவருக்கு ஒன்றும் தெரியாது. பூக்கைக்காரருக்கு வியர்த்துவிட்டது. உடன் வந்திருந்த மகன் சட்டென்று ஜன்னல் பக்கம் போய் வெளியே பார்க்க ஆரம்பித்தான்.

வீட்டில் நாள் முழுக்க அந்தப் பயிற்சியைச் செய்யவேண்டும். அவர் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு செய்தார். மகன் இருக்கும் இடத்தில் கையை முறுக்க மனம் வரவில்லை. ஒருநாள் மனைவி கதவைத் தட்டி, "உள்ள என்ன பண்றீங்க, எவ்வளவு நேரம்? அவன் குளிக்கணுமாம்" என்று சத்தம்போட, பட்டையோடு வெளியே வந்தார். வாசலில் துண்டோடு நின்ற மகன், "ஹால்லயே பண்ணுங்கப்பா, டிவி பாத்துக்கிட்டே பண்ணலாம்ல" என்று சொல்லிவிட்டு உள்ளே போனான். அன்றிலிருந்து கூடத்தில் உட்கார்ந்து செய்தார், முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டு.

விரல் பாதிக்கு மேல் மடங்கியது. கத்திரி கையில் ஆடாமல் நின்றது. வேகம் பழையபடி இல்லை. நாளுக்குச் சில தலைதான். பிறகு முட்டி கனத்துவிடும். முதல் நாள் நாற்காலியில் உட்கார்ந்த பழைய வாடிக்கையாளர், "கண்ணாடி பட்டதா சொன்னாங்களே, இப்ப தேவலையா?" என்று கேட்டார். பூக்கைக்காரர் கண்ணாடியில் அவர் முகத்தைப் பார்த்துச் சொன்னார். "கண்ணாடி இல்லைங்க. மகனை அடிச்சேன். அவன் பல்லு பட்டுச்சு." அவர் "ஓ" என்றார். அன்று வெட்டி முடிக்கும் வரை அவர் குறட்டை விடவில்லை. அடுத்தமுறை வந்தார். எல்லோரும் அப்படி வரவில்லை. கூட்டாளி சில நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. தன்னிடமும் பொய் சொன்னார் என்பதுதான் அவர் குறை. மறைத்து வைத்த கண்ணாடித் தட்டை அவரே கண்டெடுத்து, ஒன்றும் கேட்காமல் பழைய இடத்தில் மாட்டினார்.

கிளினிக் டாக்டரிடம் பூக்கைக்காரர் நேரில் போய் மன்னிப்புக் கேட்டார். அவர் மரியாதையாக உட்காரச் சொல்லி, கையை மடக்கச் சொல்லிப் பார்த்து, "நல்லாப் பண்ணியிருக்காங்க" என்று பாராட்டி அனுப்பினார். ஆனால் அவரும் பிள்ளைகளும் இப்போது வேறு கடையில் முடி வெட்டிக்கொள்கிறார்கள். சாலையில் எதிர்ப்பட்டால் இருவரும் தலையசைத்துக்கொள்வார்கள்.

மகன் பல்லைச் சரிசெய்துகொண்டான். உதட்டில் மெல்லிய கோடு மட்டும் தங்கிவிட்டது. வீட்டில் பேச்சு இருக்கிறது, கிண்டல்கூடத் திரும்பியிருக்கிறது, கொஞ்சம் அளந்து. ஒருநாள் காலை சமையலறையில் மகன் தேநீர் கலந்துகொண்டிருந்தான். அவன் தலைக்கு மேலே இருந்த அலமாரியிலிருந்து சர்க்கரை டப்பாவை எடுக்கப் பூக்கைக்காரர் வலக்கையைத் தூக்கினார். மகனின் தலை தானாகப் பின்னால் போனது. ஒரு விரற்கடைகூட இருக்காது. அவன் உடனே சமாளித்துக்கொண்டு கரண்டியால் கலக்க ஆரம்பித்தான். சத்தம் அதிகமாகக் கேட்டது.

இரண்டு பேரும் பார்த்துவிட்டார்கள்.

பூக்கைக்காரர் கையை இறக்கினார். ஓரமாக நகர்ந்து நின்றார். "அந்த டப்பாவைக் கொஞ்சம் எடுத்துக் குடுப்பா" என்றார். மகன் எடுத்துக் கொடுத்தான்.